தலையெழுத்தா? தெளித்த நஞ்சா?

"பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லையா? என்னம்மா செய்வது, அவன் தலையெழுத்து அப்படி!" என்று சொல்லி, ஏழைத் தாய்க்கு ஆறுதல் கூறி அனுப்பிவைப்போர் எல்லா நாட்டிலும் உண்டு. நம் நாட்டில் அதற்குத் தலையெழுத்து என்று பெயர். அமெரிக்க நாட்டிலே கொஞ்சம் மெருகேற்றி, 'பரம்பரை' என்பார்கள். 'அந்த இனத்தாரின் பழக்கவழக்கம்' என்பார்கள். 'தாய் படிக்காதவள், பிள்ளை வேறெப்படி இருக்கும்?' என்பார்கள். சொற்கள் வேறு வேறு, நோக்கம் ஒன்றே. பழி, போய்ச் சேரவேண்டியவன் வாசலுக்குப் போய்ச் சேரக்கூடாது. பெற்றவள் தலையிலேயே விடியவேண்டும்!

அந்தப் பழியைத் தூக்கிக்கொண்டு போய், உரியவன் வாசலிலே இறக்கிவைத்த ஓர் ஆராய்ச்சியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். எங்கோ உள்ள பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்கும், ஆலை வாசலிலும் வயல் வரப்பிலும் நிற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று தோழர்கள் எண்ணவேண்டாம். கூலிக்காரன் பிள்ளையின் மூளையைப் பற்றிய ஆராய்ச்சி அது. கூலிக்காரன் எந்த நாட்டானாயினும் நமக்கு அந்நியன் அல்லன்.

கலிபோர்னியா மாநிலத்தில், மான்டரே மாவட்டத்தில், சலினாஸ் பள்ளத்தாக்கு என்று ஒரு வளமான நிலப்பரப்பு. உலகத்தின் சாலட் கிண்ணம் என்று அதற்குப் பட்டம் சூட்டியிருக்கிறார்கள். லெட்யூஸ் கீரை, பிராக்கோலி, ஸ்ட்ராபெரி என்று லாரி லாரியாக அங்கிருந்து புறப்பட்டு, நாடு முழுவதும் உணவு மேசைகளை அலங்கரிக்கின்றன. ஜான் ஸ்டீன்பெக் என்ற எழுத்தாளர் 1902இல் பிறந்தது அந்த சலினாஸ் நகரில்தான். பண்ணைக் கூலிகளின் பாட்டை எழுதியே பெயர் பெற்றவர் அவர்.

கிண்ணம் நிறைகிறது, நிறைப்பவர் யார்? மெக்சிகோவிலிருந்தும் மற்ற லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்தும் வந்து குடியேறியவர்களையும் அவர் வழிவந்தோரையும் அங்கே 'லத்தீனோ' என்பர். பெண்களை 'லத்தீனா' என்பர். அவர்கள் கைதான் விதைக்கிறது, களையெடுக்கிறது, அறுக்கிறது, பெட்டியிலே அடுக்குகிறது. ஒருகாலத்தில் அவர்கள் கையிலே குட்டைக் கைப்பிடி போட்ட களைக்கொத்து ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். நாள் முழுவதும் குனிந்தே நிற்கவேண்டும். நீளக் கைப்பிடி போட்டால் ஆகாதா? ஆகாதாம்! குனிந்தவன் வேலை செய்கிறான், நிமிர்ந்தவன் ஓய்வெடுக்கிறான் என்று மேஸ்திரி தூரத்திலிருந்தே கண்டுகொள்ள அதுதான் வசதியாம்! எத்தனை முதுகுகளை முறித்த பிறகு, 1975இல் அந்தக் கருவியைக் கலிபோர்னியா தடைசெய்தது. முதுகு முறிந்தால் கண்ணுக்குத் தெரியும், வழக்காடலாம். கருவிலே இருக்கும் பிள்ளையின் மூளையைத் தொடும் கேடு கண்ணுக்குத் தெரியுமா?

தெரியவைத்தார் ஒரு பெண்மணி. பிரெண்டா எஸ்கெனாசி என்பது அவர் பெயர். நரம்பியல் உளவியல் கற்றவர். பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரப் பேராசிரியர். அவரும் அவருடைய குழுவினரும் 1999இலும் 2000இலும் அந்தப் பள்ளத்தாக்கிலே, ஏழைகள் செல்லும் மருத்துவ நிலையங்களுக்குப் பேறுகாலச் சோதனைக்கு வந்த 601 கர்ப்பிணித் தாய்மாரை அணுகி, ஆராய்ச்சியில் சேர்த்தனர். பெரும்பாலோர் மெக்சிகோவில் பிறந்தவர்கள். ஸ்பானிய மொழி பேசுபவர்கள். பண்ணை வேலையை நம்பிப் பிழைக்கும் குடும்பத்தார். அந்த ஆராய்ச்சிக்கு 'சமாக்கோஸ்' என்று பெயர் அமைந்தது. மெக்சிகோ மக்கள் பேச்சிலே, சின்னஞ்சிறுசுகள் என்று பொருள்.

ஆராய்ச்சி என்றால் வந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள் என்பதல்ல. கர்ப்ப காலத்திலேயே இருமுறை தாயின் சிறுநீரைச் சோதித்து, உடலுக்குள் எவ்வளவு நஞ்சு புகுந்து வெளியேறுகிறது என்று அளந்தார்கள். பிள்ளை பிறந்தது. 6 மாதத்தில் பார்த்தார்கள், ஓராண்டில் பார்த்தார்கள், 2 ஆண்டில், 5 ஆண்டில், 7 ஆண்டில் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் இன்று 20 வயதைக் கடந்தவர்கள். கண்டறிந்ததை ஏட்டிலே எழுதி அலமாரியிலே பூட்டாமல், அந்தத் தாய்மாரிடமே வந்து, அவர்கள் மொழியிலேயே எடுத்துச் சொன்னார்கள்.

எதைத் தேடினார்கள்? ஆர்கனோ பாஸ்பேட் என்ற வகைப் பூச்சிகொல்லிகளை. அவற்றின் பிறவிக் கதையைச் சற்றுக் கேளுங்கள். 1930களில் ஜெர்மனியிலே, கெர்ஹார்டு ஷ்ராடர் என்ற வேதியியலார் பூச்சியைக் கொல்ல மருந்து தேடினார். 1936இல் அவர் கையில் அகப்பட்டது 'டாபுன்' என்ற நரம்பு நஞ்சு. பூச்சிக்கென்று தேடியது, மனிதனையே மாய்க்கும் என்று தெரிந்ததும், நாஜி இராணுவம் அதைப் போர்க்கருவியாக வாரி எடுத்துக்கொண்டது. அதே குடும்பத்துச் சிறிய தம்பிகள்தாம் போருக்குப் பிறகு வயலுக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் ஒன்று குளோர்பைரிபாஸ். டவ் கெமிக்கல் என்ற அமெரிக்க நிறுவனம் 1965இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

நரம்புக்கும் நரம்புக்கும் இடையே செய்தி கொண்டுசெல்லும் ஒரு பொருள் உண்டு. செய்தி சேர்ந்ததும் அதைத் துடைத்துவிட ஒரு நொதி உண்டு. அந்த நொதியைக் கட்டிப்போடுவதுதான் இந்த நஞ்சின் வேலை. துடைக்க ஆளில்லாமல் செய்தி மேல் செய்தி குவிந்து, நரம்பு துடித்துத் துடித்து ஓய்கிறது, பூச்சி சாகிறது. பூச்சிக்கு இருக்கிற அதே நொதி மனிதனுக்கும் இருக்கிறதே! இலையிலே இருக்கும் புழுவுக்கும், வயிற்றிலே இருக்கும் பிள்ளைக்கும் வேறுபாடு அறியுமா நஞ்சு? அறியாது. அறிந்திருக்கவேண்டியவர்கள் அதை விற்றவர்கள்.

நாம் அதைப் பூச்சிமருந்து என்கிறோம். 'மருந்து அடிக்கப் போகிறேன்' என்று சொல்லிவிட்டுத்தான் உழவன் தெளிப்பானைத் தோளில் மாட்டுகிறான். கொல்வதற்குப் பெயர் மருந்து! பெயரிலேயே பாதி ஏமாந்துவிடுகிறோம்.

வயலிலே தெளித்தது வயிற்றுக்கு எப்படி வந்தது என்று கேட்கலாம். காற்று கொண்டுவந்தது, வயலோரம்தானே குடியிருப்பு! சட்டை கொண்டுவந்தது, காலணி கொண்டுவந்தது. வேலை முடிந்து வீடு திரும்பும் தகப்பன், ஓடிவரும் பிள்ளையை வாரி அணைக்கிறான். அவன் சட்டையிலே ஒட்டியிருப்பது பிள்ளையின் கன்னத்திலே ஒட்டுகிறது. தவழும் குழந்தை தரையைத் தடவுகிறது, விரலைச் சப்புகிறது. பெரியவர்கள் உடலிலே இந்த நஞ்சை முறிக்க ஒரு நொதி ஓரளவு இருக்கிறது. பச்சிளங் குழந்தையிடம் அது மிக மிகக் குறைவு என்பதையும் இதே ஆராய்ச்சி அளந்து காட்டியது. அன்பாக அணைக்கும் கைக்கே அஞ்சவேண்டிய நிலையை ஒரு தகப்பனுக்கு உண்டாக்கியது எந்த விதி? பிரமன் எழுதிய விதியா, கம்பெனி எழுதிய விலைச்சீட்டா?

2011இல் முடிவு வெளிவந்தது. கர்ப்ப காலத்தில் இந்த நஞ்சின் எச்சம் மிக அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பங்குத் தாய்மாரின் பிள்ளைகள், மிகக் குறைவாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினரின் பிள்ளைகளைவிட, 7 வயதில் அறிவுத்திறன் தேர்வில் சராசரியாக 7 புள்ளி குறைந்து நின்றனர். 7 புள்ளிதானே என்பார் உண்டு. ஒரு பிள்ளைக்கு 7 புள்ளி போவது வேறு. ஒரு தொழிலைச் செய்யும் மக்கள் அத்தனை பேர் வீட்டிலும் பிள்ளைக்குப் பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுப்பது வேறு. கூலியிலே சுரண்டினால் சங்கம் வைத்துக் கேட்கலாம். மூளையிலே சுரண்டியதைத் திரும்ப வாங்க எந்தச் சங்கத்தால் முடியும்?

"தாய்க்குப் படிப்பில்லை, வீட்டிலே வறுமை, அதனால் வந்த குறை இது" என்று வாதாட வந்தார்கள். தாயின் படிப்பையும் வீட்டின் நிலையையும் வறுமையையும் கணக்கிலே எடுத்துக் கழித்த பிறகு நின்ற 7 புள்ளி இது! "தொடர்பு வேறு, காரணம் வேறு" என்று அடுத்த தத்துவத்தை அவிழ்த்தார்கள். அதே 2011இல், நாட்டின் மறுகோடியிலே, நியூயார்க் நகரிலே, இரண்டு தனி ஆராய்ச்சிகள் இதே திசையைக் காட்டின. ஒன்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வர்ஜீனியா ராவ் குழுவினருடையது. டொமினிக்கன் நாட்டு லத்தீனாத் தாய்மாரும் கறுப்பினத் தாய்மாரும் பெற்ற பிள்ளைகள் அவர்கள். அங்கே வயல் இல்லை. அடுக்குமாடி வீடுகளில் கரப்பான்பூச்சிக்கு அடித்த நஞ்சு, தொப்புள்கொடி இரத்தத்திலே இருந்தது. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? கர்ப்பிணிகளை வரிசையாக நிறுத்தி, பாதிப்பேருக்கு நஞ்சை ஊற்றி, பாதிப்பேருக்குத் தண்ணீரை ஊற்றிச் சோதித்துப் பார்த்தால்தான் ஒப்புவார்களா என்று கேட்கிறோம்!

இன்னொரு செய்தியும் உண்டு. மெக்சிகோவிலே பிறந்து வந்த தாய்மார், வறுமையிலே வாடினாலும், அவர்கள் பெறும் குழந்தைகள் எடை குறையாமல், வெள்ளையர் குழந்தைகளுக்கு ஈடாகப் பிறப்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1980களிலேயே கண்டு வியந்தனர். இதை லத்தீனோ முரண் என்று பெயரிட்டு இன்றும் பேசுகிறார்கள். இதிலே முரண் என்ன இருக்கிறது? பெற்றவளிடம் குறையில்லை என்பதுதான் இதன் பொருள்! இரத்தம் காரணம் என்றால் பிறக்கும்போதே குறை தெரியவேண்டுமே! நல்ல எடையோடு பிறந்த பிள்ளையைப் பிறகு பின்தங்க வைப்பது சுற்றியிருக்கும் வாழ்வு. காற்று, கூலி, குடியிருப்பு, பள்ளி, மருத்துவம் இவைதாம்.

அந்தத் தாய்மாரின் இரத்தத்திலே டி.டி.டி. நஞ்சின் எச்சமும் இருந்தது. அமெரிக்கா 1972லேயே தடைசெய்துவிட்ட பொருள். மெக்சிகோவிலே பின்னும் பல ஆண்டுகள் தெளிக்கப்பட்டது. எல்லை தாண்டும்போது சுங்க அதிகாரிக்குத் தெரியாமல் உடம்பிலே கூடவே வந்த மூட்டை அது! ஆனாலும் தாய்ப்பால் கொடுப்பது பிள்ளைக்கு நன்மையே செய்கிறது என்று அந்த ஆராய்ச்சியாளர்கள் 2006இல் எடுத்துச் சொன்னார்கள். நஞ்சின் அளவைச் சொல்லித் தாயை அச்சுறுத்தி, மார்பிலிருந்து பிள்ளையைப் பிரித்துவிடாத பொறுப்பு அது. ஆராய்ச்சி மக்கள் பக்கம் நின்றால் இப்படித்தான் பேசும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு ஆட்சியிலே இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? அங்கேதான் கதையின் முடிச்சு இருக்கிறது.

2000இலேயே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் நிறுவனங்களும் உடன்பாடு செய்துகொண்டு, வீடுகளிலே குளோர்பைரிபாஸ் பயன்படுத்துவதை நிறுத்தின. பிள்ளைகளுக்கு ஆகாது என்பதுதான் காரணம். நகரத்துத் தாய்மாரின் இரத்தத்திலே நஞ்சின் அளவு சரசரவென்று குறைந்தது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் வயலிலே? வயலிலே தெளிக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். வீட்டுக்குள் ஆகாது, வேலிக்கு அப்பால் ஆகும்! வேலிக்கு அப்பாலே குடியிருப்பது யார் பிள்ளை? மருந்து அடித்த கீரையை அறுப்பவள் வயிற்றிலே வளர்வது பிள்ளை இல்லையா? ஒரே நாட்டிலே, ஒரே நஞ்சுக்கு இரண்டு நீதி! இதை மனுநீதி என்று நாம் சொன்னால் அமெரிக்கருக்கு விளங்காது. நம் தோழர்களுக்கு நன்றாக விளங்கும்.

பல ஆண்டு வழக்காடிய பிறகு, 2015இல் உணவுப் பயிர்களிலும் இதற்கு இடமில்லை என்று அந்த முகமை ஒரு யோசனையை முன்வைத்தது. 2017இல் ஆட்சி மாறியது. டவ் கெமிக்கல், புதிய அதிபர் டிரம்ப்பின் பதவியேற்பு விழா நிதிக்கு 10 இலட்சம் டாலர் வழங்கியது. அந்த ஆண்டு மார்ச் மாதம் முகமையின் புதிய தலைவர் ஸ்காட் புரூயிட், தடைகோரும் மனுவைத் தள்ளுபடி செய்தார். இரண்டையும் அடுத்தடுத்து எழுதிவைக்கிறோம். கூட்டிப் பார்க்கும் வேலையைப் படிப்பவரிடம் விடுகிறோம்.

அத்தோடு விட்டார்களா? தாய்மாரைப் பற்றிய மூலக் குறிப்புகளை எல்லாம் கொண்டுவந்து எங்கள் முன் கொட்டுங்கள், இல்லையேல் உங்கள் ஆராய்ச்சியை ஏற்கமாட்டோம் என்ற வாதத்தை எழுப்பினார்கள். நம்பிக்கையோடு தம் உடலையும் வீட்டையும் திறந்து காட்டிய பெண்கள் அவர்கள், குடியேறிகள், அரசாங்க முத்திரையைக் கண்டாலே அஞ்சுகிறவர்கள் எத்தனையோ பேர் அவர்களிலே. அவர்கள் அந்தரங்கத்தைக் கேட்பதற்கு இட்ட பெயர் 'வெளிப்படைத்தன்மை'! 2021 சனவரியில் அதை விதியாகவே ஆக்கினார்கள். அடுத்த மாதமே நீதிமன்றம் அதை நீக்கியது.

இதற்கிடையே மாநிலங்கள் விழித்துக்கொண்டன. 2018இல் ஹவாய் தடைச் சட்டம் இயற்றியது. கலிபோர்னியாவில் 2020 பிப்ரவரியில் விற்பனை நின்றது. அந்த ஆண்டு இறுதியோடு தெளிப்பதும் நின்றது. மத்தியிலே நீதிமன்றம் அதட்டிய பிறகு, 2021 ஆகஸ்டில் உணவுப் பயிர் அனைத்திலும் தடை வந்தது. 2023 நவம்பரில் வேறொரு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 2024 டிசம்பரில், 11 பயிர்களுக்கு மட்டும் விலக்களித்து மற்றவற்றுக்குத் தடை என்று மறுபடியும் ஒரு யோசனை. ஏறுவதும் இறங்குவதுமாக ஆடுகிறது கோப்பு. பிள்ளையின் மூளை வளர்வதோ ஒரே ஒருமுறை. அது எந்த நீதிமன்றத்தின் வாய்தாவுக்காகவும் காத்திருப்பதில்லை.

ஏன் இந்த அலைக்கழிப்பு? அமெரிக்காவில் 1935இல் தொழிலாளர் சங்க உரிமைச் சட்டம் வந்தபோது, இரண்டு கூட்டத்தாரை வெளியே நிறுத்தினார்கள்: பண்ணைத் தொழிலாளர், வீட்டு வேலைக்காரர். 1938இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோதும் பண்ணைத் தொழிலாளர் வெளியேதான். கறுப்பினத்தாரும் மெக்சிகோ மக்களும் மிகுந்திருந்த வேலைகள் அவை. சங்கம் இல்லாதவனைச் சட்டம் காணாது. சட்டம் காணாதவன் பிள்ளையை விஞ்ஞானம் கண்டு சொன்னாலும் ஆட்சி கேளாது.

சங்கம் வைத்தபோது என்ன நடந்தது என்பதற்கும் அந்த மண்ணே சான்று. 1965 செப்டம்பரில், டெலானோ என்ற ஊரின் திராட்சைத் தோட்டங்களில் லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். சில நாட்களில், டொலோரஸ் ஹுவேர்ட்டா போன்றோர் கட்டி வளர்த்த மெக்சிகோத் தொழிலாளர் சங்கமும் தோள் கொடுத்தது. ஐந்தாண்டு போராட்டம்! 1970இல் முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது, அதிலே கூலி மட்டுமா இருந்தது? டி.டி.டி. போன்ற நஞ்சுகளைக் கட்டுப்படுத்தும் பிரிவும் இருந்தது. அரசு 1972இல் செய்ததைத் தொழிலாளி 1970லேயே எழுதி வாங்கினான்!

அந்த மக்களின் பெண்மக்கள் இன்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சலினாஸ் நகரில் உயர்நிலைப்பள்ளி மாணவ மாணவியர் எஸ்கெனாசியின் குழுவோடு சேர்ந்து தாமே ஆராய்ச்சியில் இறங்கினர். 100 லத்தீனாப் பெண்கள், சில வேதிப்பொருள்கள் இல்லாத பூச்சுகளையும் சோப்புகளையும் 3 நாள் மட்டும் பயன்படுத்தினர். சிறுநீரில் மெத்தில் பாரபென் என்ற பொருளின் அளவு 44 விழுக்காடு குறைந்தது. 2016இல் அந்த முடிவு வெளியாயிற்று. சோதிக்கப்படும் பொருளாக இருந்தவர் வீட்டுப் பிள்ளைகள், சோதிக்கும் அறிஞர் வரிசையிலே வந்து அமர்ந்தார்கள். இதைவிட இனிக்கும் செய்தி வேறு உண்டா?

இங்கே நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. குளோர்பைரிபாஸ் என்ற பெயர் நம் ஊர் உரக்கடைக்குப் புதிதல்ல. கரையானுக்கென்று மண்ணிலே ஊற்றுவதும் அதுதான். 2023 தொடக்கத்தில், தற்கொலைகளைத் தடுப்பதற்காகத் தமிழ்நாட்டு அரசு 60 நாள் தடைவிதித்த 6 பூச்சிமருந்துகளின் பட்டியலில் அதுவும் இருந்தது. 2025இல் ஜெனிவாவிலே கூடிய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள், சில விலக்குகளோடு அதை ஒழிக்கவேண்டிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தன. தோளிலே தெளிப்பானை மாட்டும் தோழரே! வேலை முடிந்ததும் சட்டையை மாற்று. கை கால் கழுவு. பிறகு பிள்ளையைத் தூக்கு. இது இன்றே செய்யக்கூடியது. ஆனால் அதோடு நின்றுவிட்டால், பழியை மறுபடியும் உன் தலையிலேயே கட்டிவிடுவார்கள். கையுறை கொடுத்தாயா, முகமூடி கொடுத்தாயா, கர்ப்பிணியை மருந்தடித்த வயலுக்கு அனுப்பினாயா என்று பண்ணைக்காரரைக் கேள். இதிலே என்ன கேடு என்று கடைக்காரரைக் கேள். அளந்து பார்த்தீர்களா என்று அதிகாரிகளைக் கேள்.

ஏன் என்று கேள், எதற்கு என்று கேள் என்பதுதான் நம் இயக்கம் நமக்குப் புகட்டிய முதற்பாடம். அதைத்தான் 601 தாய்மார் செய்தார்கள். தம் இரத்தத்தைக் கொடுத்தார்கள், தம் பிள்ளைகளை ஆண்டுக்காண்டு அழைத்துவந்தார்கள், அளந்து பாருங்கள் என்றார்கள். அளந்ததும், தலையெழுத்து என்று சொல்லப்பட்டது கம்பெனியின் கையெழுத்து என்று தெரிந்தது.

தலையெழுத்தை அழிக்க முடியாது என்பார்கள். கையெழுத்தை அழிக்கலாம், தோழர்களே! மக்கள் ஒன்றுபட்டுப் போடும் கையெழுத்தால் அழிக்கலாம்!